சினைப்பைக் கட்டியா, நரம்புக் கட்டியா: இடுப்புக் குழிக்குள் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: ஒலியலை

இடுப்புக் குழிக்குள் வரும் தீங்கற்ற நரம்புக் கட்டிகள் அரிது என்பதால் பாடநூல்களில் நாலு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஸ்கேன் அறையில் அந்த நாலு வரி போதுவதில்லை. இப்படி ஒரு நிலையை வைத்துக்கொண்டு பேசலாம்.

நாற்பதுகளில் இருக்கும் பெண். வலது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறம் இறங்கும் வலி, சில மாதங்களாக. கூடவே மலச்சிக்கல். கீழ் முதுகெலும்பு எம்ஆர்ஐயில் லேசான டிஸ்க் பிதுக்கம் தவிர ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்டில் கருப்பைக்குப் பின்னால், வலப்பக்கம் 6.5 செ.மீ. திடக்கட்டி, உள்ளே இரண்டு மூன்று இடத்தில் நீர் தேங்கியிருக்கிறது. சிஏ-125 (சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய இரத்தக் குறியீடு) இயல்பு. அறிக்கை 'வலது சினைப்பைத் திடக்கட்டி' என்று போகிறது, அடுத்தது லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது). உள்ளே பார்த்தால் இரண்டு சினைப்பையும் சுத்தம். கட்டி வயிற்றின் உட்சவ்வான பெரிட்டோனியத்துக்குப் பின்னாலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறது.

இந்த இடறலை எந்தக் கட்டத்தில் தடுக்கலாம்? அல்ட்ராசவுண்டிலேயே சந்தேகம் வருவதற்கு வழி உண்டா? எம்ஆர்ஐ எழுதும்போது என்ன கேட்க வேண்டும்? அறுவைக்கு முன் ஊசி போட்டுத் திசு எடுப்பது அவசியமா, ஆபத்தா?

பதில் 1: குறுக்குவெட்டு

'இது என்ன கட்டி' என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். 'இது எங்கிருந்து புறப்படுகிறது' என்பதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் சொன்ன நிலையில் தவறு நடந்தது கட்டியின் வகையில் அல்ல, இடத்தில்.

அல்ட்ராசவுண்டில் இரண்டு சினைப்பைகளையும் தனித்தனியே காட்டாமல் 'சினைப்பைக் கட்டி' என்று எழுதவே கூடாது. யோனிவழி புரோப் வைத்திருக்கும்போது மறு கையால் அடிவயிற்றை மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். சினைப்பையிலிருந்து வந்த கட்டி சினைப்பையோடு சேர்ந்து நகரும். பின்சுவரைச் சேர்ந்தது அசையாமல் நிற்கும், சினைப்பையும் குடலும் அதன் மேல் வழுக்கிப் போகும். புரோப் நுனியால் கட்டியை அழுத்தும்போது நோயாளி 'கால் வரைக்கும் சுண்டுகிறது' என்று சொன்னால், அது படத்தில் தெரியும் எந்த அடையாளத்துக்கும் குறைந்ததல்ல; அதை அறிக்கையில் எழுதுங்கள். அப்படியே புரோபை மேலே கொண்டுபோய் இரு சிறுநீரகத்தையும் பார்த்துவிடுங்கள். யூரீட்டர் (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க் குழாய்) நசுங்கிச் சிறுநீரகம் வீங்கியிருந்தால் அவசரம் கூடுகிறது.

மாதவிடாய் நின்றவர்களில் சினைப்பை சுருங்கிக் கண்ணில் படாமல் போகும். அங்கே அல்ட்ராசவுண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 'இடம் தெளிவில்லை, எம்ஆர்ஐ தேவை' என்பதே நேர்மையான அறிக்கை.

எம்ஆர்ஐயில் எது எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இலியாக் இரத்தக் குழாய்கள் நடுக்கோட்டை நோக்கித் தள்ளப்பட்டிருந்தால் கட்டி பக்கச் சுவரைச் சேர்ந்தது. சினைப்பைக் கட்டி அவற்றை வெளிப்பக்கம் தள்ளும். சினைப்பைக் கட்டியால் யூரீட்டர் பொதுவாகப் பின்னாலும் வெளிப்பக்கமும் ஒதுங்கும். மலக்குடல் முன்னால் தூக்கப்பட்டு, அதற்கும் கட்டிக்கும் நடுவே கொழுப்புக் கோடு அழியாமல் இருந்தால், கட்டி மலக்குடலுக்கும் திருவெலும்புக்கும் (முதுகெலும்பின் அடியில் உள்ள சேக்ரம்) இடைப்பட்ட வெளியில் உட்கார்ந்திருக்கிறது. சினைப்பைச் சிரையை மேலிருந்து கீழே பின்தொடருங்கள். அது கட்டிக்குள் நுழையாமல் தாண்டிப் போய்விட்டால் சினைப்பை பெரும்பாலும் குற்றமற்றது. காம்புள்ள ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி) என்றால் கருப்பைக்கும் கட்டிக்கும் நடுவே பாலம் போட்ட மாதிரி இரத்தக் குழாய்கள் ஓடும்.

இடம் முடிவான பிறகு எந்த நரம்பு என்று தேடுங்கள். திருவெலும்புத் துளைக்குள் ஒரு வால் நுழைகிறதா? பெரிய சையாட்டிக் துளை வழியாகப் பிட்டத்துக்கு வெளியேறுகிறதா? பக்கச் சுவரை ஒட்டி ஆப்டுரேட்டர் கால்வாயை நோக்கி நீள்கிறதா? சோவாஸ் தசைக்கும் இலியாகஸ் தசைக்கும் இடையில் இருந்தால் ஃபெமோரல் நரம்பு. மலக்குடலுக்குப் பக்கத்துக் கொழுப்பில், ஆல்காக் கால்வாயை ஒட்டியிருந்தால் புடெண்டல் (ஆசனவாய், பிறப்புறுப்புப் பகுதியின் நரம்பு). கட்டியின் இரு முனையிலும் நரம்பு உள்ளே வந்து வெளியே போவது தெரிந்தால், நரம்புக் கட்டி என்பதற்கு அதைவிட நல்ல சான்று படத்தில் கிடைக்காது. ஆனால் 5, 6 செ.மீ. தாண்டிய கட்டிகளில் நரம்பு மெல்லிய நூலாகக் கட்டியின் மேல் பரவிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். வால் தெரியவில்லை என்பதற்காக நரம்புக் கட்டியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை (டி1, டி2 என்பவை எம்ஆர்ஐயின் இரு பட வகைகள்) டி1-இல் தசைக்குச் சமம் அல்லது சற்றுக் கறுப்பு, டி2-இல் வெண்மை, அதுவும் திட்டுத்திட்டாக. நடுவே கறுத்து ஓரம் வெளுத்த இலக்குப் பலகைத் தோற்றம் நியூரோஃபைப்ரோமாவில் அதிகம், ஷ்வானோமாவிலும் வரும்; இரண்டும் தீங்கற்ற நரம்பு உறைக் கட்டிகள். சுற்றிலும் மெல்லிய கொழுப்பு விளிம்பு காக்கப்பட்டிருப்பது மெதுவாக வளர்ந்ததைக் காட்டுகிறது. ஷ்வானோமா நரம்பின் ஒரு பக்கமாக ஒட்டி வளரும். நியூரோஃபைப்ரோமா நரம்பு இழைகளுக்கு உள்ளேயே ஊடுருவி நரம்பைக் கதிர்க்கோல் போலப் பருக்கச் செய்யும். பழைய பெரிய ஷ்வானோமாக்கள் உள்ளே சிதைந்து நீர்ப்பை, இரத்தக் கசிவு, சுண்ணாம்புப் படிவு எல்லாம் காட்டும். இதைச் சீழ்க்கட்டி என்றோ சினைப்பை நீர்க்கட்டி என்றோ படிப்பது வழக்கமான தவறு. சுவர் தடித்திருக்கிறதா, கான்ட்ராஸ்ட் ஏற்கும் திடப்பகுதி எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

எம்ஆர்ஐ கேட்கும்போது 'இடுப்பு எம்ஆர்ஐ' என்று மட்டும் எழுதினால் வழக்கமான மகப்பேறியல் வரிசைகள் ஓடும்: 5 மி.மீ. வெட்டுகள், மேலே எஸ்1-க்கு (திருவெலும்பின் முதல் கண்டம்) கீழேயே படம் நின்றுவிடும். 'லம்போசேக்ரல் நரம்புப் பின்னலோடு இடுப்பு, கான்ட்ராஸ்ட் இல்லாமலும் ஏற்றியும்' என்று எழுதுங்கள். எல்4 (நான்காம் இடுப்பு முள்ளெலும்பு) தொடங்கித் தொடையின் மேல்பகுதி வரை இருக்கட்டும். 3 மி.மீ. வெட்டுகள், கொழுப்பை அடக்கிய டி2 அல்லது ஸ்டிர் (கொழுப்பை அடக்கும் இன்னொரு வரிசை), திருவெலும்பின் சாய்வுக்கு இணையான கொரோனல் (முன்-பின்னாகப் பிரிக்கும்) வெட்டு, டிஃப்யூஷன் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும் படம்). அந்தச் சாய்ந்த கொரோனல் இல்லாமல் திருவெலும்புத் துளைகளை இடமும் வலமும் ஒப்பிடவே முடியாது. கொழுப்பை அடக்காத டி1 ஒன்றும் வேண்டும். கொழுப்பு விளிம்பு அதில்தான் தெரியும்.

எலும்புக்கு சி.டி. ஸ்கேன். துளை வழவழப்பாக விரிந்து, விளிம்பில் கெட்டியான வெள்ளைக் கோடு இருந்தால் பல வருட அழுத்தம். எலும்பு அரித்துச் சிதைந்திருந்தால், அதுவும் நடுக்கோட்டில் என்றால், கார்டோமாவை (திருவெலும்பில் வரும் ஒரு எலும்புப் புற்று) முதலில் நினைக்க வேண்டும்.

பதில் 2: ரிஃப்ளெக்ஸ்_சுத்தி

படத்துக்கு முன்னால் கைக்கு வேலை இருக்கிறது. கேள்வியில் சொன்ன பெண்ணுக்கு மலக்குடல் விரல் பரிசோதனை செய்திருந்தால், பின்சுவருக்கு அப்பால் வழவழப்பான, கெட்டியான மேடு கைக்குத் தட்டுப்பட்டிருக்கலாம். சளிச்சவ்வு அதன் மேல் தடையின்றி நகரும். அதனால் மலக்குடலில் தோன்றியதல்ல என்று அங்கேயே தெரியும். கட்டியின் மேல் விளிம்பு விரலுக்கு எட்டுகிறதா என்பதையும் எழுதி வையுங்கள். எட்டினால் பின்வழி அறுவைக்கு வாய்ப்பு; எட்டாவிட்டால் வயிற்று வழியாகப் போக வேண்டியிருக்கும். எஸ்1, எஸ்2 உயரத்தில் உள்ள கட்டி விரலுக்குச் சிக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

நரம்புப் பரிசோதனையில் பலரும் முழங்கால், கணுக்கால் ரிஃப்ளெக்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆசனவாயைச் சுற்றிப் பஞ்சாலும் குண்டூசியாலும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள் (எஸ்3 முதல் எஸ்5 வரையிலான நரம்பு வேர்கள்). தொடையின் பின்புறம் எஸ்2. ஆசனவாய்ச் சுருக்க ரிஃப்ளெக்ஸ், விரலை இறுக்கும் வலு, இரண்டையும் குறியுங்கள். தொடையின் உட்புறம் மரத்து, கால்களைச் சேர்த்து வைக்கும் வலு குறைந்திருந்தால் ஆப்டுரேட்டர். சிறுநீர் கழித்த உடனே அல்ட்ராசவுண்டில் மீதி எவ்வளவு என்று அளந்தால் நோயாளியே உணராத கோளாறு தெரியவரும், 100 மி.லி.க்கு மேல் நின்றால் அலட்சியம் செய்யக் கூடாது.

டிஸ்க் விஷயம். கீழ் முதுகெலும்பு எம்ஆர்ஐ பெரும்பாலும் எஸ்2 அருகே முடிந்துவிடுகிறது, பக்கவாட்டில் இடுப்புக் குழியைக் காட்டுவதே இல்லை. லேசான பிதுக்கத்தைக் கண்டதும் அதன் மேல் பழி போட்டுவிடுகிறோம். பிதுங்கிய டிஸ்க் எந்த வேரை அழுத்துமோ அந்த வேருக்கும் வலி ஓடும் பாதைக்கும் பொருத்தம் இருக்கிறதா? காலை நேராகத் தூக்கினால் வலிக்கவில்லை, ஆனால் மலம் கழிக்கும்போதோ உட்காரும்போதோ சுண்டுகிறது என்றால் இடுப்புக்குள் தேட வேண்டும்.

புடெண்டல் நரம்பு வலி என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். 2008-இல் வெளியான நாந்த் வரையறையில் ஐந்து அம்சங்கள்: அந்த நரம்பின் பகுதியில் வலி, உட்கார்ந்தால் கூடுவது, இரவில் வலியால் விழிக்காமல் இருப்பது, பரிசோதனையில் தொடு உணர்ச்சி குறையாமல் இருப்பது, மரப்பு ஊசிக்கு வலி குறைவது. மூன்றாவதும் நான்காவதும் பொய்த்தால், அதாவது தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோ, தெளிவாக மரத்துப்போன இடமோ இருந்தால், சாதாரண நெரிசல் என்று விடக்கூடாது; எம்ஆர்ஐ வேண்டும். மரப்பு ஊசிக்கு வலி குறைந்ததை வைத்து மட்டும் கட்டி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நரம்பு மின்கடத்தல் சோதனையும் ஈஎம்ஜியும் (தசை மின்பதிவு) இயல்பாக வந்தாலும் கட்டி இருக்கலாம். ஷ்வானோமா நரம்பை ஒதுக்கி வளர்வதால் இழைகள் நெடுநாள் வேலை செய்துகொண்டே இருக்கும்.

தோலையும் பாருங்கள். பெரியவர்களில் 15 மி.மீ.க்கு மேற்பட்ட காப்பி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ, அக்குளில் சிறு புள்ளிகள் என்றால் என்எஃப்1 (நரம்புக் கட்டிகள் பல வரும் மரபு நோய்). அப்போது கட்டி நியூரோஃபைப்ரோமாவாக இருக்கும் வாய்ப்பும், புற்றாக மாறும் கவலையும் கூடுகின்றன. பல இடங்களில் ஷ்வானோமா என்றால் ஷ்வானோமட்டோசிஸ். என்எஃப்2, எஸ்மார்க்பி1, எல்இசட்டிஆர்1 மரபணுக்களைச் சோதிக்க வேண்டும்.

ஒலியலை

இரண்டு பேருக்கும் நன்றி. இன்னொன்று கேட்கிறேன். இப்படிப்பட்ட கட்டிக்குப் பெட் ஸ்கேன் (கதிரியக்கச் சர்க்கரை ஏற்றி எடுக்கும் படம்) எடுத்தால் சில சமயம் எஸ்யூவி (கட்டி அந்தச் சர்க்கரையை ஏற்கும் அளவு) கணிசமாக ஏறியிருக்கிறது. உடனே புற்று என்ற பேச்சு வந்துவிடுகிறது. அதை எவ்வளவு நம்பலாம்? ஊசி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 3: ஊசிமுனை

பெட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். முழுக்கத் தீங்கற்ற ஷ்வானோமாவே சர்க்கரையை நன்றாக இழுக்கும். அதன் எஸ்யூவியும் புற்றுக்கட்டியின் எஸ்யூவியும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் தனிக் கட்டி ஒன்றுக்கு அந்த எண்ணை வைத்துப் புற்று என்று சொல்லக் கூடாது. என்எஃப்1 உள்ளவருக்கு நிலைமை வேறு. அங்கே பல கட்டிகளில் எது மாறுகிறது, அதில் எந்த மூலையில் ஊசி போட வேண்டும் என்று காட்ட பெட் மிகவும் உதவும். டிஃப்யூஷனில் ஏடிசி (நீர் எவ்வளவு தடையின்றி நகர்கிறது என்ற அளவு) 1.0 × 10⁻³ சதுர மி.மீ./வினாடிக்குக் கீழே இறங்கியது, ஓரம் மங்கியது, சுற்றுத் திசுவில் நீர்க்கட்டு, சில மாதங்களில் வளர்ச்சி, ஓயாத புது வலி, புதிதாக வலுக்குறைவு: இவை சேர்ந்து வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்போது ஊசி. போடுவதற்கு முன் இரண்டைக் கட்டாயம் விலக்க வேண்டும். முதலாவது, திருவெலும்புக்கு முன்னால் துருத்திய மெனிங்கோசீல். நீர் நிறைந்த பை தண்டுவட உறையோடு இணைந்திருக்கும், திருவெலும்பு ஒரு பக்கம் அரிவாள் வளைவாகத் தேய்ந்திருக்கும். அதில் ஊசி போட்டால் மூளை உறை அழற்சி வரும். இரண்டாவது, பாராகேங்லியோமா (அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கக்கூடிய கட்டி). கட்டி பளீரென்று கான்ட்ராஸ்ட் ஏற்று, நோயாளிக்கு இரத்த அழுத்தம் ஏறி இறங்கி, படபடப்பும் வியர்வையும் இருந்தால் முதலில் இரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் (அந்த ஹார்மோன்களின் சிதைபொருள்) பாருங்கள். தெரியாமல் குத்தினால் அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு எகிறும்.

எந்த வழி? மலக்குடல் வழியாகவோ யோனி வழியாகவோ வேண்டாம். கைக்கு எட்டுகிறதே என்று அந்த ஆசை வரும். கட்டி உண்மையில் நீர்க்கட்டியாக இருந்தால் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். கார்டோமாவாகவோ சார்கோமாவாகவோ (மென்திசுப் புற்று) இருந்தால் ஊசி போன பாதையில் செல்கள் உதிரும், பிறகு அந்த மலக்குடல் பகுதியையும் சேர்த்து வெட்ட வேண்டிவரும். சரியான வழி பின்பக்கம், சி.டி. பார்வையில். நோயாளி குப்புறப் படுத்திருக்க, திருவெலும்பின் ஓரத்தை ஒட்டியே, பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே, சேக்ரோஸ்பைனஸ் தசைநார் உயரத்தில் நுழைய வேண்டும். ஓரத்தைவிட்டு வெளிப்பக்கம் நகர நகர சையாட்டிக் நரம்பும் பிட்டத்து இரத்தக் குழாய்களும் குறுக்கே வரும். பாதையை அறுவை செய்யப்போகிறவரோடு பேசி முடிவு செய்யுங்கள், பின்னால் வெட்டி எடுக்கும் பகுதிக்குள் அது அடங்க வேண்டும்.

17 கேஜ் வெளியூசி, அதனுள் 18 கேஜ் வெட்டூசி. வெளியூசி ஒரே இடத்தில் நிற்க, கோணத்தைச் சற்று மாற்றி மூன்று நான்கு துண்டுகள். நீர் தேங்கிய நடுப்பகுதியைத் தவிர்த்து, கான்ட்ராஸ்ட் ஏற்ற திடப்பகுதியிலிருந்து எடுங்கள். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பது இங்கே பயனற்றது; நார்ச்செல்கள் நாலு ஒட்டும், 'கதிர்வடிவச் செல் கட்டி' என்ற அறிக்கையோடு நிற்கும். தோலையும் எலும்பு உறையையும் நன்றாக மரக்கச் செய்தும், ஊசி கட்டியைத் தொட்டவுடன் காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் துடித்தால், உடனே நிறுத்திக் கோணத்தை மாற்றுங்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்தால் இந்த எச்சரிக்கை கிடைக்காது.

பதில் 4: பாரஃபின்

துண்டுகள் கைக்கு வந்த பிறகும் தவறு நடக்கும். அதனால் சில வார்த்தை.

10 சதவீத நடுநிலை ஃபார்மலின், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவு. துண்டுகளைத் தனித்தனிக் கேசட்டில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றில் அடைத்தால் சாயங்களுக்கு வெட்டி வெட்டித் திசு தீர்ந்துவிடும். படிவத்தில் 'இடுப்புக் கட்டி' என்று மட்டும் எழுதாமல், எந்த நரம்பருகே, எத்தனை செ.மீ., என்எஃப்1 உண்டா என்று எழுதி அனுப்புங்கள்.

வழக்கமான ஷ்வானோமா அடையாளம் காண எளிது: செல் நெருங்கிய ஆன்டோனி ஏ, தளர்ந்த ஆன்டோனி பி, உட்கருக்கள் அணிவகுத்து நிற்கும் வெரோகே உருவங்கள், சுவர் தடித்த இரத்தக் குழாய்கள். வெரோகே 1910-இலும் ஆன்டோனி 1920-இலும் விவரித்தவை இன்றும் அப்படியே பயன்படுகின்றன. சிக்கல் என்னவென்றால், செல் நெருக்கமான ஷ்வானோமா என்ற வகை முதுகெலும்பு ஓரத்தையும் இடுப்புக் குழியையும் விரும்பித் தேர்ந்தெடுக்கிறது. அதில் வெரோகே உருவங்கள் கிட்டத்தட்ட இருக்காது, செல் பிரிவு கொஞ்சம் தெரியும், எலும்பையும் அரித்திருக்கும். அவசரத்தில் சார்கோமா என்று படிக்க எல்லா வசதியும் அதில் உண்டு. அறுவை நடக்கும்போதே அனுப்பப்படும் உறைவெட்டில் (திசுவை உறையவைத்து உடனே பார்ப்பது) இந்தத் தவறு நடந்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய நரம்பை வேரோடு வெட்டிவிடுவார்கள். உறைவெட்டை மட்டும் நம்பி நரம்பைப் பலியிட வேண்டாம் என்று அறுவைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். மற்றவர்களும் சொல்ல வேண்டும்.

எஸ்100-உம் சாக்ஸ்10-உம் (நரம்பு உறைச் செல்களைக் காட்டும் சாயங்கள்) கட்டி முழுக்கப் பலமாகப் பிடித்தால் ஷ்வானோமா பக்கம் சாயலாம். புற்று வகையில் இவை திட்டுத்திட்டாகவோ இல்லாமலோ இருக்கும். அங்கே எச்3கே27எம்இ3 என்ற குறியீடு பல சமயம் மறைந்திருக்கும், ஷ்வானோமாவில் அது நிலைத்திருக்கும். நியூரோஃபைப்ரோமாவில் எஸ்100 ஒரு பகுதிச் செல்களில்தான் பிடிக்கும், நடுவே சி.டி.34 வலைபோல் தெரியும், நரம்பிழைகள் கட்டிக்குள் சிதறியிருக்கும். மலக்குடலருகே என்றால் குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டிக்காக சி.டி.117, டாக்1, தனித்த நார்க்கட்டிக்கு ஸ்டாட்6, கார்டோமாவுக்குப் பிராக்யூரி, ஃபைப்ராய்டுக்கு டெஸ்மின். வயதான ஷ்வானோமாவில் உட்கருக்கள் கோரமாகப் பெருத்துக் கறுத்திருக்கும். செல் பிரிவு இல்லாமல் அது மட்டும் இருந்தால் சிதைவின் விளைவே, புற்று அல்ல.

பதில் 5: பின்வழி

ஊசிமுனை சொன்ன வழியும் எச்சரிக்கையும் சரி. ஆனால் எல்லாருக்கும் ஊசி தேவை என்று இந்தத் திரியைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பின் வால் தெளிவாகத் தெரிகிறது, ஓரம் கூர்மை, எலும்புத் துளை வழவழப்பாக விரிந்திருக்கிறது, வலிக்காக எப்படியும் எடுக்கப்போகிறோம் என்றால் நான் ஊசியைத் தவிர்ப்பேன். ஊசிக்குப் பின் உறைக்குள் இரத்தம் கசிந்து தழும்பு ஏற்பட்டால், உறைக்குள் கட்டியை மட்டும் உரித்தெடுக்கும் அந்த மெல்லிய தளம் ஒட்டிப்போகும். படம் குழப்பமாக இருக்கும்போது, கார்டோமா அல்லது சார்கோமா சந்தேகம் இருக்கும்போது, எடுக்காமல் கண்காணிக்கத் திட்டமிட்டும் மனம் ஒப்பாதபோது, திசு வேண்டும்.

கண்காணிப்பும் ஒரு சிகிச்சைதான். தொந்தரவில்லாத சிறிய கட்டிக்கு ஆறு மாதத்தில் ஒரு எம்ஆர்ஐ, பிறகு வருடத்துக்கொன்று. அளப்பது ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், அதே வெட்டுத்தளத்தில் இருக்க வேண்டும். ஒரு முறை கொரோனலிலும் மறுமுறை சாஜிட்டலிலும் அளந்துவிட்டு 'வளர்ந்துவிட்டது' என்று சொன்னால் வீண் கலக்கம்.

அறுவைக்குப் போகிறவரிடம் எஸ்3 வேரின் நிலையை முன்பே விளக்க வேண்டும். ஒரு பக்க வேர்கள் போனாலும் மறுபக்கம் முழுதாக இருந்தால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு பெரும்பாலும் தங்கும். இரு பக்க எஸ்3-உம் போனால் தங்காது. ஆகவே படம் பார்க்கும்போதே கட்டி நடுக்கோட்டைத் தாண்டுகிறதா, எதிர்ப்பக்க எஸ்2, எஸ்3, எஸ்4 வேர்கள் ஒதுங்கி நிற்கின்றனவா என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

ஒலியலை

ஊசி விஷயம் தெளிவானது. கடைசியாக ஒன்று: எம்ஆர்ஐ அறிக்கையில் எந்த வரிசையில் எழுதினால் அறுவைக் குழுவுக்கு உபயோகம்?

குறுக்குவெட்டு

முதல் வரியில் இடம்: 'பெரிட்டோனியத்துக்குப் பின்னால், திருவெலும்புக்கு முன்னால், வலப்பக்கம், இரு சினைப்பையும் தனியே தெரிகின்றன.' இரண்டாவது, மூன்று பரிமாண அளவும் மேல், கீழ் எல்லையும், எஸ் எண்ணோடு. அடுத்து எந்தத் துளை, எந்த நரம்பு, வால் தெரிகிறதா இல்லையா. பிறகு எலும்பு, மலக்குடல், யூரீட்டர், இலியாக் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் தள்ளப்பட்டதா ஊடுருவப்பட்டதா என்ற ஒற்றைச் சொல். பின்வழி கேட்ட எதிர்ப்பக்க வேர்கள். தண்டுவட உறையோடு தொடர்பு இல்லை என்பதைத் தனி வரியாக. ஊசி போடுகிறவர் தேடுவது அதைத்தான். நிறம், கான்ட்ராஸ்ட், ஏடிசி எல்லாம் இதற்குக் கீழே வரட்டும். முடிவில் 'தீங்கற்ற நரம்பு உறைக் கட்டிக்குப் பொருந்துகிறது' என்று எழுதி, படம் இடம் கொடுக்கும் மாற்று ஒன்றோ இரண்டோ மட்டும் சேருங்கள். எட்டு நோய்ப்பெயர்களை அடுக்கினால் அறிக்கை மறுபடி லேப்ராஸ்கோப்பிக்கே போய்ச் சேரும்.